திரைக்குப் பின்னால் அவர்

விமானத்தில் எனக்குப் படுக்கை, அவருக்கு நாற்காலி என்று மகள் சொன்னபோது என் வீட்டுக்காரரின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிறு குளிர்கிறது. பேரக்குழந்தையைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தவள், லண்டனிலிருந்து வீடியோ காலில் சொன்னாள். "அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ் போட்டிருக்கேன்பா. அவங்க முதுகுக்கு அவ்ளோ நேரம் உக்கார முடியாது. உங்களுக்கு சாதா டிக்கெட். விமானக் கம்பெனில என் கணக்குல சேந்திருந்த பாயிண்ட்ஸ் ஒருத்தருக்குத்தான் பத்துச்சு."

அவர் போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என்னிடமே வந்து, "ரெண்டு பேருக்கும் படுக்கையாமே, குடுத்து வச்சவங்க" என்றார். உள்ளே போய் இவரைக் கேட்டேன்.

"ஏறுன உடனே மாத்திக்கலாம்" என்றார். "பஸ்ல கண்டக்டர்கிட்ட சொல்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு. உனக்கு எதுக்குடி அதெல்லாம்?"

எனக்கு எதற்கு என்றால், என் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், இவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. மாடி அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம், சமைத்தும் போடுகிறோம். 'போடுகிறோம்' என்பது அவர் பாஷை. காரமில்லாத கூட்டும் எண்ணெயில்லாத சப்பாத்தியும் நின்றுகொண்டே செய்து போடுவது நான். அவர் வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் உட்கார்ந்தே வேலை பார்த்து ரிட்டயரானவர். இப்போது வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து, ஆசையை விடுவது எப்படி என்று பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் என் படுக்கை மேல் ஆசை வந்தது.

அவர் பெயரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், பெயரைச் சொல்லாமல். எங்கள் ஊர்ச் சாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் உண்டு. பெண்டாட்டி வாயால் பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பது அவர் வீட்டுச் சட்டம். அந்தப் பெயர் எங்கள் ஊர்ப் பெயரிலும் இருக்கிறது. கிரிவலப் பாதையில் நான் பிறந்த ஊரின் பெயரிலும் இருக்கிறது. ஆக, கழுத்தில் தாலி ஏறியதிலிருந்து, பிறந்த ஊர், வாழ்கிற ஊர், கும்பிடுகிற சாமி எதையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் "மலைக்கு ஒரு டிக்கெட்" என்பேன். "எந்த மலைக்கும்மா?" என்று கண்டக்டர் வேண்டுமென்றே கேட்பார், பஸ்ஸே சிரிக்கும். தீபத்தன்று ஊரெல்லாம் சாமி பெயரைச் சொல்லி அரோகரா போடும்போது நான் வெறும் அரோகரா மட்டும் போடுவேன்.

ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், மகள் பிறந்த அன்றைக்கு. வலியில் கிடந்தவளை நர்ஸ், "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அதட்டினாள். கத்திவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்த மாமியார் காதில் விழுந்தது. மாமியார் போய்ச் சொல்ல, இவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னை சீக்கிரம் அனுப்பிடலாம்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளில்தான் திரும்பி வந்தார். இது என் மகளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் மாடியில் தங்கும் வெள்ளைக்காரப் பெண்கள், மகளைவிடச் சின்னவர்கள், அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சாரும் கிடையாது, கீரும் கிடையாது. இவர் "யெஸ், யெஸ்" என்று படியேறி ஓடுவார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தப் பெண்கள் வாயால் சொன்னால் ஆயுசு ஜாஸ்தியாகும் போலிருக்கிறது.

சென்னையில் விமானத்தின் வாசலில் என்னை இடது பக்கம் போகச் சொன்னார்கள், அவரை வலது பக்கம். பிரிகிற இடத்தில் என் முழங்கையைப் பிடித்து, "சாப்பாடு ஆனதும் வரேன். பையை எடுத்து வச்சிட்டு ரெடியா இரு" என்றார். பின்னால் வரிசை நின்றதால் போனார். எங்களுக்கு நடுவில் ஒரு துணித்திரையை இழுத்து விட்டார்கள்.

அந்த இருக்கையைப் பற்றி என்ன சொல்வது! பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் கால் உயர்கிறது, முதுகு இறங்குகிறது, கடைசியில் நம் வீட்டுக் கட்டில் மாதிரி நீட்டிக்கொள்கிறது. விமானம் மேலே ஏறியதும் படுத்துப் பார்த்தேன். வலி நின்றுவிட்டது. அது நிற்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்து இருக்கையில் கோட்டு போட்டவர் பார்க்கிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாடு வந்தது. மேஜைக்கு வெள்ளைத்துணி விரித்து, எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வைத்தார்கள். பன்னீர் கொஞ்சம் ரப்பர், பருப்பில் பெருங்காயம் இல்லை. என் சமையலுக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் தட்டைக் காலி செய்தேன். வீட்டில் அவர் கை கழுவிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு. திரைக்கு அந்தப் பக்கம் இன்னும் தள்ளுவண்டியே கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டேன். அத்தனை ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

தட்டை எடுத்துப்போன பணிப்பெண் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குனிந்தாள். சென்னைப் பெண், நல்ல தமிழ்.

"மேடம், பின்னாடி ஒரு சார் சொல்லி அனுப்பியிருக்காரு. அவங்க வைஃப் இங்க இருக்காங்களாம், சீட் மாத்திக்கணுமாம். நீங்கதானா? பொதுவா மாத்த விடமாட்டோம். நீங்க சரின்னா கேட்டுப் பாக்கறேன். பின்னாடி இருக்கறவங்க அவர் பேரைக் கேட்டுக்கல, நீங்க சொல்லுங்க."

இதுதான் அந்த நேரம். சரி என்றால் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து முதுகு வெந்து சாக வேண்டும், அவர் முன்னால் குறட்டை விடுவார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டேன் என்றால் நான் கெட்டவள். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றால் பத்தினி.

"எங்க ஊர்ல வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டோம்மா" என்றேன். "சொன்னா அவர் ஆயுசு கம்மியாயிடும்."

அவள் சிரிப்பை அடக்கினாள். "அப்ப எழுதிக் காட்டுங்க."

"எழுதுனாலும் அதேதாம்மா."

"சீட் நம்பராச்சும் தெரியுமா?"

"தெரியாதே." இரண்டு பேர் போர்டிங் பாஸையும் வாங்கிப் பார்த்ததே நான்தான்.

"ஆள் எப்படி இருப்பாரு?"

"வெள்ளைச் சட்டை, மீசை, தலை கொஞ்சம் வழுக்கை."

"பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க மேடம்" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கம்பளியை எடுத்து என் கால்மேல் போர்த்திவிட்டு, "நீங்க தூங்குங்க ஆன்ட்டி" என்று போய்விட்டாள்.

அவர் விடுகிற ஆளா? விளக்கைக் குறைத்த பிறகு நேரிலேயே வந்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து, "ஏய்! இந்தா!" என்று குரல் வந்தது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? திரும்பவில்லை. ஏய் என்று யாரையோ கூப்பிடுகிறார்கள். இந்தா என்று யாருக்கோ எதையோ கொடுக்கிறார்கள். அங்கே நின்ற பணியாள் இங்கிலீஷில், யாரைத் தேடுகிறீர்கள், பெயர் என்ன என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மை வைஃப்" என்றார்.

"அவர்கள் பெயர் சார்?"

"மை வைஃப்!"

என் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு தடையும் கிடையாது. அதற்காக எந்தச் சாமியும் யார் ஆயுசையும் குறைக்காது. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அத்தனை பேருக்கு முன்னால் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மீசை இறங்கிவிடும். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அந்த அளவுக்கு நான் முட்டாள்தான். பணியாள் அவரைப் பின்னுக்கு அனுப்பினான். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. நான் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

லண்டனில் இறங்கியபோது அவர் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு வார் ஏறவில்லை, பின்குதிகாலை வெளியே விட்டு இழுத்து இழுத்து நடந்தார். நான் விறுவிறுவென்று முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன்.

"தூக்கம் வந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைப் பார்த்தே நடந்தார். நடுவில் உட்கார்ந்து வந்தாராம், ஒரு பக்கம் குழந்தை அழுததாம். இதெல்லாம் பிறகு மகளிடம் சொல்லும்போது என் காதில் விழுந்தது. தன் ஆறு மாதக் குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மகள் மட்டும் காரோடு வந்திருந்தாள். முன்சீட்டில் அவர் ஏறிக்கொண்டார், கேட்கவே வேண்டாம். கதவைச் சாத்தியதும் புகார் கிளம்பியது.

"உங்கம்மா சீட்டைக் குடுக்கல. ஆள் அனுப்பினேன், நேர்லயும் போனேன். பாக்காத மாதிரி படுத்துக்கினா."

"குடுத்திருந்தா அவ்ளோதான்" என்றாள் மகள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லா தூங்குனியாம்மா? முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வலியே இல்லடி" என்றேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்காகப் பேச ஒருத்தி இருக்கிறாள், அவளை அன்றைக்குக் கத்திப் பெற்றது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

"அப்பாடா. திங்கக்கிழமைலேந்து நான் ஆபீஸ் போகணும்மா. இங்க குழந்தையைப் பாத்துக்க ஆள் வச்சா என் சம்பளமே அதுக்குப் போயிடும். நீ வந்ததும் முதுகு வலின்னு படுத்துட்டா என் கதி என்ன? அதுக்குத்தான் பாயிண்ட்ஸ் எல்லாத்தையும் கொட்டி உனக்குப் போட்டேன். அப்பா எப்படி வந்தா என்ன, வந்து டிவிதானே பாக்கப் போறாரு."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

அவருக்கு டிவி பேச்சு சுட்டிருக்க வேண்டும். ஆனால் வேறெதையோ மோப்பம் பிடித்துவிட்டார். "அப்ப திரும்பிப் போறப்ப?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போறப்ப ரெண்டு பேருக்கும் சாதாதாம்பா. அப்பதான் வேலை முடிஞ்சிடுமே. ஊர்ல போய் ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்தார். வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "படுத்துக்கினு வந்தியே மகாராணி" என்றார். மகளும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். என் மகள்தான். அவருக்கும் மகள்தானே.

நான் அவர் பெயரைச் சொன்னேன்.

முழுப் பெயரையும், மாடியில் அந்தப் பெண்கள் கூப்பிடுகிற மாதிரி, மொட்டையாக, சத்தமாக. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. மகள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "அம்மா?" என்றாள். அவர் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார். கையிரண்டும் சீட்டைப் பிடித்திருந்தன.

"என்னாடி?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "ஆயுசு கம்மியாகுதான்னு பாத்தேன்."