அக்கா வீட்டு வாசலில் ஒரு கேரவன்

விருதுநகரில் என் வீட்டுக்காரர் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஒரு தடவை சினிமா ஷூட்டிங்குக்கு வந்த கேரவன் ஒன்று, கதவு சிக்கிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அதை முழுசாக உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு குறைந்ததைக்கூடச் சொல்லவில்லை. கட்டில், மின்விசிறி, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக எனக்கு விவரித்தார். இவரும் ஒன்று கட்டாமல் விடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ரஸ்க் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட மூடின வேன் அவருக்கு மலிவாகக் கிடைத்தது. அந்தக் கோடை பூராவும் அதற்குள்ளேயே கிடந்தார். பலகைக் கட்டில் போட்டார், பேட்டரியில் ஓடும் ஃபேன் மாட்டினார், என்னுடைய பழைய சேலையைக் கிழித்துத் திரை கட்டினார். மூலையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால் இனி யாருக்கும் தொந்தரவில்லை, நம் படுக்கை நம்மோடு, நம் சமையல் நம்மோடு என்றார். தொந்தரவு கொடுக்கத்தானே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வாரத்தில் சிவகாசி பக்கத்து எம். புதுப்பட்டிக்குக் கிளம்பினோம். அங்கேதான் என் அக்கா இருந்தாள். அக்காளுக்கும் அத்தானுக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. லீவு நாளாகப் பார்த்துப் போனால்தான் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

வழியில் விஸ்வநத்தத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். வேனுக்கு நீலப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்திருந்தும் பழைய எழுத்து உள்ளேயிருந்து மெல்லத் தெரிந்துகொண்டிருந்தது. டீக்கடையில் நின்ற ஒரு அம்மா என்னிடம் வந்து ரஸ்க் பாக்கெட் எம்புட்டு என்று கேட்டாள். ரஸ்க் இல்லை என்றேன். அவள் விடாமல் பன் இருக்கிறதா என்றாள். இவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இது கேரவன் என்று அவளுக்கு விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது என்ன விலை என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த சிக்கல். ராத்திரி வேனிலேயே படுத்துக்கொள்கிறோம் என்று இவர் சொன்னதும் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாசல்ல வண்டியில படுத்தா தெருவுல என்ன சொல்லுவாக தம்பி? கூடப் பொறந்தவளுக்கு எடம் குடுக்கலன்னு என்னையத்தான சொல்லுவாக?"

இவர் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ராத்திரிச் சாப்பாடு வீட்டில், படுக்கை வேனில் என்று முடிவானது. அக்கா எனக்குப் பரிமாறும்போது மட்டும் குழம்பைக் கொஞ்சம் தள்ளி நின்று ஊற்றினாள்.

விடிந்ததும் இவர் தன் கையால் டீ போட்டு எல்லாருக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். காற்றில் ஸ்டவ் அணைந்துவிடக் கூடாதென்று வேன் கதவைச் சாத்திக்கொண்டு பற்ற வைத்திருக்கிறார். திரி சரியாக எரியாமல் புகைந்து, ஜன்னல் வழியாகக் கரும்புகை வெளியே வந்திருக்கிறது.

அந்த ஊரில் மூடின வேன் என்றால் பட்டாசு ஏற்றும் லோடு வேன். லோடு வேனிலிருந்து புகை வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஒரு குரல் கேட்டதுதான் தாமதம், தெருவே காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு கண்மாய்ப் பக்கம் ஓடினார்.

அத்தான் மட்டும் எதிர்த்திசையில் ஓடி வந்தார். வேனில் வெடி ஒன்றும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி அவரே உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தவர். ஆனாலும் இத்தனை வருஷம் கம்பெனியில் பழகின கை, யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. வீடு பூசக் குவித்து வைத்திருந்த மணலில் ஒரு வாளி அள்ளி, கதவைத் திறந்து அப்படியே உள்ளே வீசிவிட்டார்.

நான் ஓடி வந்து பார்த்தபோது இவர் தலை, மீசை, பால் பாத்திரம் எல்லாவற்றிலும் மணல். கையில் டீ வடிகட்டி. கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சகல, நீங்கதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன்" என்றார் அத்தான்.

"டீ போட்டேன்" என்றார் இவர்.

அக்கா சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் முகத்தில் இருந்த கோபம் அத்தோடு போனது. ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா இவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, அடுக்களையிலேயே உட்கார வைத்து இட்லி போட்டாள். இவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். ஸ்டவ்வை அத்தான் எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார். நாங்களும் கேட்கவில்லை.

மத்தியானம் கரண்ட் போனது. அந்த வருஷம் தினமும் போகும். புழுக்கத்தில் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தபோது, வேனுக்குள் ஃபேன் ஓடும் என்பது அத்தானுக்கு நினைவு வந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. தேடிப் போன அக்காளும் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தால் மணலைத் தட்டிவிட்டுக் கட்டிலில் ஆளுக்கொரு பக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி நாங்கள் வீட்டுக்குள் படுத்தோம், அவர்கள் வேனில் படுத்தார்கள். தெருவில் யாரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது அத்தான் தயங்கித் தயங்கி வந்தார். மல்லாங்கிணற்றில் அவருடைய தங்கச்சி வீடு இருக்கிறதாம். கம்பெனி திறக்குமுன் ஒரு நடை போய்வர வேண்டுமாம்.

"வண்டிய ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போறீகளா சகல? அங்கன போனா யாருக்கும் தொந்தரவு இருக்காது பாருங்க."

தன்னுடைய வார்த்தையை இன்னொருவர் வாயால் கேட்டதில் இவருக்கு அம்புட்டு சந்தோஷம். சாவியை உடனே எடுத்துக் கொடுத்தார், பேட்டரி தண்ணீர் பார்ப்பது எப்படி என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் சிவகாசி போய், அங்கேயிருந்து விருதுநகருக்கு பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, அடுத்த வண்டியில் கட்டிலை மடக்குகிற மாதிரி வைக்கப்போவதாக ஊர் வந்து சேரும்வரை என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.