பூபதியின் வெள்ளிக்கிழமைகள்

இது ரஞ்சிதாவுக்கு நடந்தது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவள். கதை கட்டத் தெரியாதவள். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னாள். பட்டப்பகலில் நடந்தது என்பதால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

அவள் புருஷன் பூபதி தை மாசம் திருச்செங்கோடு ரோட்டில் விபத்தில் போய்விட்டான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஆன்லைன் கணக்குகள்' என்று ஓர் இடம் உண்டு. அதில் யாருடைய கணக்கைச் சேர்த்தாலும் மெயில், காலண்டர், போட்டோ எல்லாம் ஒரே திரைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். பூபதியின் கணக்கும் அதில் இருந்தது. மெயில் மட்டும் ஓடியது. காலண்டரை அவனே நிறுத்தி வைத்திருந்தான். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

ஆடி வெள்ளி, மத்தியானம். அந்தக் கணக்கை நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தாள். கை தவறி காலண்டர் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

அவளுடைய லோடு தேதிகளுக்கு நடுவே பச்சைக் கட்டங்கள் முளைத்தன. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று. எல்லாவற்றிலும் 'ஊடு' என்ற ஒரே சொல், வீடு என்பதை அவன் சொல்கிற மாதிரியே. அடியில் விலாசம்: திருச்செங்கோடு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் பின்சந்து, கடைசி வீடு.

அவர்கள் வீடு சங்ககிரியில். வெள்ளிக்கிழமைகளில் லோடு பேசப் போவதாகத்தான் அவளிடம் சொல்லிவிட்டுப் போவான். அழுகை வரவில்லை. அன்றுவரை அவன் சட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவள்.

அப்புறம்தான் கவனித்தாள். கட்டங்கள் அவன் செத்த நாளோடு நிற்கவில்லை.

போன வாரக் கட்டத்தில், 'ஊடு. மழைல நனஞ்சுட்டேன்.'

போன வெள்ளி மழை பெய்தது.

பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முபஷிரைக் கூப்பிட்டாள். பாஸ்வேர்டு தெரிந்த யாரோ விளையாடுகிறார்கள் என்றார். பாஸ்வேர்டை மாற்றினார். கணக்கையும் நீக்கினார்.

"முடிஞ்சுதுக்கா. இனி வராது."

அவர் வாசலைத் தாண்டவில்லை... 'டிங்'.

கணக்கு திரும்ப வந்திருந்தது. அன்றைய தேதியில் புதுக் கட்டம்.

'ரஞ்சிதா வாரா. கதவைத் தொறக்காதே.'

போக வேண்டும் என்று அதுவரை அவள் நினைக்கவே இல்லை. படித்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறினாள்.

சந்தின் கடைசி வீடு. வாசலில் ஆண் செருப்பு. அறுந்த வாரை அவளே தைத்துக் கொடுத்தது.

தட்டினாள்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி. விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. தூங்கறாரு."

உள்ளே இருமல்... பத்து வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

"ஆரு அது?" பூபதியின் குரல்.

அந்தப் பெண் ரஞ்சிதாவின் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆருமில்லீங்க."

"நாந்தானுங்க..." என்றாள் ரஞ்சிதா.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு அவன் சொன்னான்.

"கதவைச் சாத்து."

தாழ் விழுந்தது.

எப்படி நடந்தாள் என்று தெரியாது. பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே சமையல் செய்யும் ராமாயி தண்ணீர் கொடுத்து விசாரித்தாள். கடைசி வீட்டுப் பெண் யார் என்று ரஞ்சிதா கேட்டதும் ராமாயியின் முகம் மாறிவிட்டது.

"சௌந்திரமா? அவ செத்து ஆறு வருசமாச்சு சாமி. அந்த ஊடு அன்னைக்குப் பூட்டுனதுதான்."

ரஞ்சிதா சந்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

துருப்பிடித்த பூட்டு. வாசலில் செருப்பு இல்லை.

மறுநாள் முபஷிரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காலண்டரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள், முதல் கட்டம் எதுவென்று பார்க்க.

ஐந்து வருஷத்துக்கு முந்தையது.

அந்தப் பெண் செத்து ஒரு வருஷம் ஆன பிறகு.

உயிரோடு இருந்தபோதே பூபதி வாரா வாரம் போய்வந்தது அந்தப் பூட்டிய வீட்டுக்குத்தான்.