வாசலுக்கு உள்ளே

மினாவா தலைநகரில் ஓர் அமைச்சர் வீட்டில் தண்ணீர் சுமந்தே வளர்ந்தவள். சரியான வாயாடி. தன் குடத்தை உடைத்த வண்டிக்காரன் தொராகுமாவைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு அவனையே கட்டிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி, மாடு ஓட்டுகிறவன் தலை நரைத்தாலும் சிறுபிள்ளைபோல் முடியை அவிழ்த்துத்தான் விட வேண்டும். "கிழட்டுக் குழந்தை" என்று அவனைக் கேலி செய்வாள். அந்த முடியைச் சீவிவிடுவதும் அவள்தான்.

அன்று மாலை அமைச்சரின் மகள் பேரரசருக்கு மனைவியாக அரண்மனைக்குப் புறப்பட வேண்டும். வாசலுக்குள் சாவு விழுந்தால் அந்த வீட்டாருக்கு முப்பது நாள் தீட்டு; அரண்மனையை மிதிக்கக்கூடாது. தன் மகளை முன்பே அங்கே அனுப்பியிருந்த இன்னொரு அமைச்சருக்கு அது போதுமே! அவருடைய அடியாட்கள் கதவைப் பிளந்துகொண்டு வந்தார்கள். யாரையாவது கொன்றால் சரி. தொராகுமா மணப்பெண்ணின் வண்டியில் பூட்டிய மாட்டுக்கு முன்னால் நின்று, ஒருவன் தாடையைக் கட்டையால் உடைத்தான். இன்னொருவன் தொராகுமாவின் வயிற்றில் கத்தியை இறக்கித் திருகினான். காவலர் திரண்டதும் வந்தவர்கள் தெருவுக்கு ஓடி, அங்கேயே காத்து நின்றார்கள்.

வீட்டுக் காரியஸ்தர் ஓடி வந்தார். காயத்தைப் பார்க்கவில்லை, மூச்சைத்தான் பார்த்தார்.

"உயிர் இருக்குடா! போறதுக்குள்ள இழுத்து வெளிய போடுங்க!"

இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்தார்கள். குடல் சரளைக்கல்லில் புரண்டது. மினாவா பாய்ந்து ஒருவன் மணிக்கட்டைக் கடித்தாள்.

"வெளிய நாய் நிக்குதய்யா! உங்க மாட்டுக்குக்கூட கூரை போட்டிருக்கீங்க!"

"இன்னிக்குப் போகலேன்னா சின்ன எஜமானியம்மா வாழ்க்கையே போயிடும்டி, விடு!"

"என் வாழ்க்கை இதோ கிடக்கு."

அவர் அவள் விலாவில் உதைத்தார். அவள் புருஷன்மேல் கவிழ்ந்து வாசல்தூணைக் கட்டிக்கொண்டாள். தடியால் அடித்ததில் இரண்டு விரல்கள் ஒடிந்தன. பிடியை விடவில்லை.

"கிழட்டுக் குழந்தை, இங்கயே இரு" என்றாள் அவன் காதில்.

அவன் அங்கேயே செத்தான்.

காரியஸ்தர் கைகூப்பினார். "சத்தம் போடாதம்மா. வெளிய செத்தான்னு சொல்லிடலாம். நல்லபடியா அடக்கம் பண்றேன்."

அவள் அழுதால் யாருக்குக் கொண்டாட்டம் என்று மினாவாவுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனாலும் அவனைத் தெருவில் செத்தவனாக்க மனம் வரவில்லை. தெருக்கோடிவரை கேட்கும்படி அலறினாள்.

வெளியே, அவனைக் கொன்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். உள்ளே யாரோ வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தார்கள். மினாவா ஒடிந்த விரல்களோடு அவன் முடியைச் சீவத் தொடங்கினாள்.