நேர்காணல் அறையில் என் மகன்

படிச்ச படிப்பெல்லாம் வீணாப் போச்சேன்னு நான் அழாத நாள் இல்லை. அப்படிப்பட்ட என்னை ஆண்டவர் எப்படித் தூக்கி நிறுத்தினார்னு சொல்லத்தான் உங்க முன்னால நிக்கிறேன்.

என் பேர் எஸ்தர். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். எம்.எஸ்சி. மூலக்கூறு உயிரியல் படிச்சிருக்கேன். கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு ஒரகடத்துல கார் கம்பெனி வேலை. எனக்கு ஆராய்ச்சி வேலை கிடைக்கலை. போன் செய்யுற ஒரு கம்பெனியில லைன்ல நின்னு வேலை பாத்தேன். மகன் ஜோயல் வயித்துல வந்ததும் அதையும் விட்டேன்.

அவன் பிறந்த பிறகு ஒரு நேர்காணலுக்குப் போனேன். "கைக்குழந்தையா? லேப் வேலைக்கு நேரங்காலம் கிடையாதேம்மா"ன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை எல்லாம் கட்டி பரண்ல போட்டுட்டேன். ஜெபம் பண்ணக்கூட மனசு வரலை.

போன ஜூலையில ஒரு பல்கலைக்கழகத்துல உயிர் அறிவியல் துறைக்கு ரிசர்ச் ஃபெலோ வேணும்னு விளம்பரம் வந்தது. இவர்தான் போன்ல பாத்தார்.

"எஸ்தரு, இதுக்குப் போடு."

"வேண்டாங்க. எனக்கு வயசு வரம்பே இந்த வருஷத்தோட முடியுது. இதுவும் போச்சுன்னா தாங்க மாட்டேன்."

"முடியுதுல்லா, அதான் போடுங்கேன்."

அன்னைக்கு ரெண்டு பேரும் முழங்கால்ல நின்னோம். ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டு ஜெபிச்சேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க.

நாங்க குடியிருக்கிற வீட்டுக்கார அம்மா கஸ்தூரி அக்கா பிள்ளையைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. ஆனா அன்னைக்குக் காலையில அவனுக்கு லேசா காய்ச்சல். என்னை விட்டு இறங்கவே மாட்டேங்குறான். இவர் லீவு போட்டார். மூணு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, உள்ள இருக்கிறவங்களுக்குப் பிள்ளை சத்தம் கேக்கக் கூடாது. அது போதும்."

பிள்ளையை இவர்கிட்ட கொடுத்துட்டு உள்ள போனேன். முதல் கேள்விக்கு நான் வாயைத் திறக்கிறேன், வராந்தாவுல வீல்னு கத்துறான். என் கண்ணு வாசல் பக்கமே போகுது.

நடுவுல உக்காந்திருந்த பேராசிரியை, "உங்க பிள்ளையா?"ன்னு கேட்டாங்க.

"ஆமா மேடம். காய்ச்சல்."

"அப்புறம் ஏன் வெளிய நிக்கணும்? உள்ள தூக்கிட்டு வாங்க."

மடியில வெச்சுக்கிட்டுதான் பதில் சொன்னேன். அவன் அழுகை நின்னது. என் பயமும் நின்னது. "டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பாக்குறீங்க, ஒண்ணுமே தெரியலை. என்ன செய்வீங்க?"ன்னாங்க. "முதல்ல கன்ட்ரோலை, அதாவது கட்டாயம் வரும்னு தெரிஞ்ச டி.என்.ஏ.வைப் பாப்பேன் மேடம். அதுலயும் வரலைன்னா என் சோதனையிலதான் கோளாறு. அதுல வந்திருந்தா சாம்பிளைச் சந்தேகப்படணும்"னேன். அவங்க தலையாட்டினாங்க.

மறுவாரமே எனக்கு வேலை உத்தரவு வந்தது. நான் பண்ணின ஜெபத்தை ஆண்டவர் கேக்கலைங்க. எதை மறைக்கப் பாத்தேனோ, அதையே அவங்க கண்ணு முன்னால வெச்சு எனக்கு வழி திறந்தார்.

இனி பிள்ளையை யார் பாப்பான்னு கலங்கினப்போ, கஸ்தூரி அக்கா, "இன்னாத்துக்கு யோசிக்கிற? கொழந்த நம்ம வூட்ல இருக்கட்டும், நீ கெளம்பு"ன்னாங்க. அவங்களையும் ஆண்டவர்தான் எனக்காக வெச்சிருந்தார்.

இப்போ காலையில லேப் கோட்டைப் போடும்போதெல்லாம் என்னையும் அறியாம நன்றி சொல்லிடுறேன். பிள்ளை இருக்கு, வயசாயிடுச்சு, இடைவெளி விழுந்துடுச்சுன்னு ஒதுங்கி நிக்கிற சகோதரிகள் இங்க இருப்பீங்க. உங்களுக்காக நானும் ஜெபிக்கிறேன். அவரை நம்பி விண்ணப்பத்தை அனுப்புங்க. நாம எந்தக் கோலத்துல இருந்தாலும் அவர் உள்ள கூட்டிட்டுப் போவார்.