தகவல்: சூசைப்பிள்ளை

20 யூன் 2013, வியாழன்.

பிழை என்னுடையது. ஒரு மரண அறிவித்தலை வாசிக்கக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை. வானொலியில் தொலைபேசி எடுத்து அறிவித்தல்களை எழுதியவள் நான்; மாலை வகுப்பில் ஒலிப்பதிவும் படிக்கிறேன். நேரத்தைக் குறிக்காமல் எதையும் விடமாட்டேன்.

அரசாங்கம் வானொலியை மறுசீரமைத்தது. சிட்னியில் எங்கள் தமிழ் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். கடைசி நிகழ்ச்சி 12ஆம் திகதி, புதன். மாலை 5.52க்கு ஒரு வயதானவர் தொலைபேசியில் வந்தார். அறிவித்தல் ஒன்றை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சூசைப்பிள்ளை. பரமட்டாவில் வீட்டு விலாசம். நல்லடக்கம் 21 யூன் காலை 10 மணி, ரூக்வுட் சேமக்காலை.

"தகவல் ஆர் அங்கிள்?"

"சூசைப்பிள்ளை."

இறந்தவரின் பெயரையே தகவல் தருபவர் இடத்திலும் எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பக் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பிழையான துண்டுக் கடதாசியை வாசிக்கக் கொடுக்கப் பயம். தயாரிப்பாளர் யோகா அக்கா மற்றவற்றை வாசித்து முடித்தார். ஆறு மணி. இனி அதை வாசிக்க நிகழ்ச்சியே இல்லை. அறிவித்தல் போகாவிட்டால் செத்தவீட்டுக்கு யார் வருவார்கள்? இரவு முழுக்க அதே யோசனை.

மறுநாள் மாலை கலையகத்தை ஒதுக்கிக் காலி செய்தோம். அக்கா பெட்டிகளுடன் கீழே போனார்.

"தனிய நிப்பியோ, தர்சினி?"

"ஓம் அக்கா. பேய் வந்தா?"

"லிஸ்டில போடு. அதையும் வேலையால நிப்பாட்டுவினம்."

சிரித்தேன். தொலைபேசியின் வயரைக் கழற்றிச் சுருட்டினேன்.

5.52.

தொலைபேசி அடித்தது.

அதன் வயர் என் கையில் இருந்தது...

எடுத்தேன்.

"பிள்ளை... வாசிச்சாச்சோ?"

வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் வாசிப்பவரின் அறை இருட்டு. ஒலிவாங்கி அணைந்திருந்தது. ஆனால் ஒலிமட்டம் காட்டும் முள் அசைந்தது. மேலே... கீழே... யாரோ மூச்சு விடுவதுபோல்.

உள்ளே கதிரை கிறீச்சிட்டது.

5.55.

துண்டை எடுத்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் வாசித்தேன். 

"தகவல்... சூசைப்பிள்ளை."

முள் விழுந்தது.

கீழே ஓடினேன்.

அக்கா சிரிக்கவில்லை. துண்டிலிருந்த விலாசத்தைப் பொலிசுக்குக் கொடுத்தார். வெள்ளி காலை கதவை உடைத்தார்கள். தனியாக இருந்த மனிதர். சொந்தம் யாருமில்லை. கதிரையில் இருந்தபடியே இறந்திருந்தார். பக்கத்தில் வானொலி ஓடிக்கொண்டிருந்ததாம்.

இறந்தது 9ஆம் திகதி, ஞாயிறு.

இன்று மதியம் பொலிஸ் மறுபடி அழைத்தது. அடக்கத்துக்கு நேற்றுத்தான் நாள் குறித்தார்களாம். நாங்கள் விலாசத்தை மட்டுமே கொடுத்திருந்தோம்.

21 யூன். காலை 10 மணி. ரூக்வுட்.

நாளை 8.40 ரயில். லிட்கம் நிலையத்தில் யோகா அக்கா நிற்பார். துண்டை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். குழிக்கருகே, சத்தமாக, ஒருமுறை வாசிக்க வேண்டும்.