பொனட்டின் காற்றுத் துவாரங்கள்

ஹேர்னிங் நகரில் நானும் மனைவியின் தம்பியும் சேர்ந்து வாங்கிய நூறாண்டு பழமையான கார் அது. எஞ்சின் சூட்டைத் தணிக்கப் பொனட்டில் இருந்த காற்றுத் துவாரங்களை என்னைக் கேட்காமலே அவன் தகடு வைத்து மூடிவிட்டான்.

"இது தேவையே இல்லை அத்தான். மழைத்தண்ணிதான் உள்ளுக்கை போகுது."

ஒரு மாதம் ஓடியும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை; அவன் சொன்னதே சரியாகிவிட்டது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைலே நகருக்குக் காரில் புறப்பட்ட அன்று, ரேடியேட்டர் தண்ணீரில் பாதியைக் களவாகத் திறந்துவிட்டேன். ஏற்றத்தில் கார் ஆவி கக்கியது.

"விசரா! இப்ப பாத்தியோ?" வீதியில் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"ஓம் அத்தான், என்ர பிழைதான்."

மறுநாளே தகடுகளைக் கழற்றிவிட்டான். இப்போது ஒவ்வொரு மழைக்கும் எஞ்சினைத் துடைக்கிறான். நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிறேன். உண்மையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.