கழுத்தில் தொங்கிய அட்டை

மலேசியாவில், ஷா ஆலமில் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புது உணவகம் ஒன்றை வடிவமைக்கும் முன், பழைய கடைகளைச் சுற்றிப் பார்ப்போம்.

போன மாதம், கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நானும் உடன் வேலை பார்க்கும் கவிதாவும் போனோம். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் கேமரா. யாரிடமும் எதுவும் சொல்லாமல் படமெடுத்துக்கொண்டே சமையலறை வாசல் வரை போய்விட்டோம்.

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பின்பக்கம் யாரோ அலறினார்கள். ஓடிப் பார்த்தால், சமையல்காரர் மதிலேறிக் குதித்துக் கால்வாயில் கிடந்தார். கால் முறிந்திருந்தது.

"இமிகிரேஷன்னு நெனச்சிட்டான்லா," என்றார் கடைக்காரர். "வேலை பெர்மிட் முடிஞ்சிருச்சு. புதுப்பிக்கத்தான் அலையுறோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அண்ணே, என் காடி வெளியதான் நிக்குது," என்றேன்.

சமையல்காரர் என் அட்டையையே பார்த்தார். "வேணாம் மேடம், விட்டுடுங்க," என்று கிடந்தபடியே கும்பிட்டார்.

இப்போதெல்லாம் அட்டையைக் காரிலேயே வைத்துவிடுகிறேன். கடை முதலாளியிடம் அனுமதி கேட்ட பிறகு, சமையலறை வாசலிலும் நின்று, "நாங்க கடை டிசைன் பண்றவங்க அண்ணே, வேற ஒண்ணுமில்ல," என்கிறேன்.

நான் சொல்லி முடிக்கும் வரை உள்ளே ஒரு கரண்டிகூட அசைவதில்லை.